இந்த வருஷம் எங்க முறை

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூத்த ஓரகத்தி போன் செய்து, "சின்னவளே, நீ ஒண்ணும் மனசப் போட்டுக் குழப்பிக்காத. வான்கோழிய நான் பாத்துக்கறேன். நீங்க குடும்பத்தோட வந்து சாப்பிட்டாப் போதும்" என்றாள். கரிசனமாகத்தான் சொன்னாள். சின்னவளுக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். யாராவது திட்டினால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கரிசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இல்லக்கா. இந்த வருஷம் எங்க முறை. நாங்களே செய்யறோம்" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். கிறிஸ்துமஸ் விருந்து ஒரு வருஷம் ஒருவர் வீட்டில் என்று சுற்றி வரும். மூத்த மருமகளை மேனேஜர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவள் காதுபடவே. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எதுவானாலும் அவள் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றால் காரியம் நடக்கும். நடுமகன் கணக்கர். கடைசி மகன், சின்னவளின் கணவன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர்கள் முறை வந்த நேரம் பார்த்து அவன் வேலை போனது. "இப்ப உங்களுக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று மேனேஜர் விருந்தைத் தன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். அன்று மேசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தவன்தான். அதன் பிறகு எந்த விருந்திலும் அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறான். வேலையில் குறையில்லை. ஆனால் ஆகாயத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சின்னவளுக்கு வயிறு எரியும்.

இந்த முறையும் கைவிட்டுப் போனால் பிறகு முறை என்ற ஒன்று தங்களுக்கு இல்லவே இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு வீட்டுக்கு மாறி மாறிப் போகும் விருந்தாளிகளாகவே காலம் தள்ள வேண்டியதுதான். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

சமைப்பதில் அவளுக்குப் பயமில்லை. மாமனார்தான் பயம். அவர் பெரிய தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் மாஸ்டர்தான். விருந்தின் முக்கியமான பதார்த்தம் முழுசாக மேசைக்கு வர வேண்டும், அதை அவர் எல்லோர் கண்ணெதிரிலும் வெட்டிப் பங்கு வைக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். "துண்டு போட்டுக் கொண்டு வந்தா அது குழம்பு. குழம்பு திங்க நான் ஏன் பண்டிகை வரைக்கும் காத்திருக்கணும்?" என்பார். முழுத் துணியை மேசையில் விரித்தால்தான் அவருக்குக் கத்தரிக்கோல் பிடிக்கவே வரும்.

முழுசாக ஒன்று. பதிமூன்று பேருக்கு. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் அவளும் கணவனும் கடைத்தெரு முழுக்க அலைந்தார்கள். வான்கோழியின் விலையைக் கேட்டதும் கணவன் கோழியைத் தடவிக்கொடுத்துவிட்டு நகர்ந்தான். பெரிய மீன் ஒன்று கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தது, ஆனால் மீன் வாசனை பட்டாலே மூத்த அண்ணனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். ஆட்டுத் தொடை என்றால் அடுத்த மாதம் முழுக்கக் கஞ்சிதான்.

"நாலு கோழி வாங்கி வரிசையா வெச்சா?" என்றான் கணவன்.

"உங்கப்பா எந்தக் கோழி முழுசுன்னு கேப்பாரு."

கடைசியாகக் கறிக்கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் வெட்டுக்கட்டையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சின்னவள் வேலை பார்க்கும் பேக்கரியில் தினமும் ரொட்டி வாங்குகிறவர் என்பதால் ஒளிவுமறைவில்லாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"மாட்டுக் கழுத்து இருக்கு" என்றார் அவர். "யாரும் சீண்ட மாட்டாங்க. ஜென்மம் பூரா புல்லுக்குக் குனிஞ்சு நிமிந்த சதை, ரப்பர் மாதிரி இருக்கும். ஆனா அடுப்புல வெச்சுட்டு மறந்துபோற அளவுக்கு நேரம் குடுத்தீங்கன்னா, இதோட ருசிக்கு வான்கோழி பக்கத்துல நிக்க முடியாது."

"எத்தன நேரம் மறக்கணும்?"

"மதியம் வெச்சா மறுநாள் காலையில ஞாபகம் வரலாம்."

அவ்வளவு நேரம் எரிய விட்டால் காஸ் சிலிண்டருக்கு ஆகும் செலவில் வான்கோழியே வாங்கிவிடலாம். கணவன் சோர்ந்துபோய் வாசலுக்குத் திரும்பினான். சின்னவள் நகரவில்லை. பேக்கரியின் செங்கல் அடுப்பு அவள் கண்முன் வந்து நின்றது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் கடைசி ரொட்டியை எடுத்ததும் நெருப்பை அணைத்துவிடுவார்கள். அடுத்த நாள் விடுமுறை. ஆனால் அந்தச் செங்கல் சொன்னால் கேட்கிற ஜாதியில்லை, மறுநாள் காலையிலும் கையைப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. அத்தனை சூடும் வருஷா வருஷம் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் சுவருக்குள் போகிறது. அது காசு கேட்காத நெருப்பு.

"குடுங்க" என்றாள்.

கடைக்காரர் எலும்பைக் கழற்றி, சதையை நீளமாக விரித்து, பாய் சுருட்டுவது போல் சுருட்டி நூலால் கட்டினார். கொழுப்புத் துண்டு ஒன்றைச் சும்மாவே உள்ளே வைத்தார். கட்டி முடித்ததும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு சொல்லணும், தப்பா நினைக்காதீங்க. வெந்தா இது பாதியாயிடும்" என்றார்.

பாதி. பதிமூன்று பேருக்கு. சின்னவள் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்தாள். ஆனால் அதற்கு மேல் வாங்கப் பையில் ஒன்றுமில்லை.

பேக்கரி முதலாளியம்மா அடுப்பைத் தர மறுக்கவில்லை. சாவியை நீட்டி, "அடுப்புக்குள்ள குழம்பு கொட்டி நாற வெச்சா மட்டும் உன்ன உள்ள வெச்சு மூடிடுவேன்" என்றாள். அதற்கும் சின்னவள் வழி வைத்திருந்தாள். வெறும் மாவையும் தண்ணீரையும் கெட்டியாகப் பிசைந்து கறியைச் சுற்றி ஓடு போல அடைத்துவிடுவது. சாறு வெளியே போகாது. வெந்ததும் அந்த ஓட்டை உடைத்துக் குப்பையில் போட்டுவிடலாம். களிமண் மாதிரிச் செத்த மாவு, அதை யாரும் வாயில் வைக்க முடியாது.

பண்டிகைக்கு முந்தின நாள் பேக்கரியில் நிற்க நேரமில்லை. விடியற்காலையிலிருந்து மதியம் வரை அவள் கை மாவை விட்டு வெளியே வரவில்லை. தட்டு தட்டாக ரொட்டி போய்க்கொண்டே இருந்தது. கடைசி வாடிக்கையாளர் போனதும் தொட்டியில் மாவைக் கொட்டித் தன் வேலையை ஆரம்பித்தாள். கண்ணில் தூக்கம். கை மட்டும் தானாக நடந்தது. பிசைந்து, துணி போட்டு மூடி வைத்துவிட்டுக் கடையைப் பெருக்கினாள், தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள், கண்ணாடியைத் துடைத்தாள். திரும்பி வந்து துணியை எடுத்தால் மாவு தொட்டி விளிம்பு வரை பொங்கி நின்றது. பொங்கிய மாவைப் பார்த்தால் ரொட்டி போடுகிறவளுக்கு என்ன தோன்றும்? திருப்தி தோன்றும். அவளுக்கும் அதுதான் தோன்றியது. நல்லா வந்திருக்கு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு, ஒரு குத்து விட்டு அமுக்கி, விரித்து, உப்பும் மிளகும் வெங்காயமும் தடவிய கறியின் நூலை அவிழ்த்து நடுவில் வைத்துச் சுருட்டி, ஓரங்களைக் கிள்ளி மூடினாள். பெரிய தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ளி, இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை பேக்கரிக்குப் போகும் வழியில், தெருமுனையில் திரும்பும்போது, சின்னவள் நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றான் கணவன்.

"பொங்கிச்சு" என்றாள்.

"என்னது பொங்கிச்சு?"

"மாவு. பொங்கக் கூடாதுங்க. வெறும் மாவும் தண்ணியும் எப்படிங்க பொங்கும்? ஈஸ்ட்டப் போட்டிருக்கேன். உப்பு, சக்கர எல்லாத்தையும் அளவா போட்டிருக்கேன். கை பாட்டுக்குப் போட்டுருச்சு." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஓடு செய்யச் சொன்னா ரொட்டி செஞ்சு வெச்சிருக்கேன்."

ரொட்டி மாவு என்றால் ஊதும், வெடிக்கும், சாறெல்லாம் ஒழுகித் தட்டில் கருகும். உள்ளே கறி காய்ந்து விறகாகியிருக்கும். முதலாளியம்மாவின் அடுப்பு நாறும். கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. நான்கு மணி நேரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அடுப்பின் கதவைத் திறக்க அவளுக்குத் தைரியமில்லை. கணவன்தான் திறந்தான். உள்ளே தட்டு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. பொன்னும் கருப்பும் கலந்த நிறத்தில், இரண்டு தலையணையைச் சேர்த்து வைத்த மாதிரி ஒரு ராட்சச ரொட்டி அடுப்பை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்றம் இல்லை. ஒரு மணம் வந்தது. இத்தனை வருஷம் அந்த அடுப்பின் முன் நின்றவள் அப்படியொரு மணத்தை அங்கே அறிந்ததில்லை.

"எங்கயும் வெடிக்கலையே" என்று கணவன் குனிந்து பார்த்தான்.

"அடியில?"

"அடியும் காய்ஞ்சுதான் இருக்கு. சாறு எங்க போச்சு?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. உடைத்துப் பார்க்கவும் வழியில்லை. உடைத்தால் முழுசு போச்சு, மாஸ்டருக்கு வெட்ட ஒன்றுமிருக்காது. உள்ளே இருப்பது விருந்தா மானக்கேடா என்று தெரியாமலே மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. ரொட்டி அடுப்பின் வாயைவிட அகலமாக ஊதியிருந்தது. சின்னவள் இழுக்கப் போனாள். கணவன் அவளை நகரச் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். ஒரு பக்கம் பலகையைக் கொடுத்து மெல்லச் சாய்த்தான். "நீ அந்தப் பக்கம் பிடி. கொஞ்சம் மேல. இன்னும் கொஞ்சம். நிறுத்து. இப்ப என் பக்கம் இறக்கறேன், நீ அசையாத" என்றான். குரலில் தடுமாற்றமே இல்லை. கப்பலின் வயிற்றிலிருந்து கண்ணாடிப் பெட்டியைக் கீறல் விழாமல் தூக்கி வைத்த கை அது. மேலோட்டில் ஒரு பொருக்குக்கூட உதிராமல் ரொட்டி வெளியே வந்தது. இருவரும் அதைப் பலகையோடு தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி வழிவிட்டார். மூன்று மாடிப் படியிலும் அவன்தான் பின்பக்கமாக ஏறினான், "திரும்பு, தூக்கு, வா" என்று உத்தரவு போட்டபடி. இந்த மனிதனைப் பார்த்து மூன்று வருஷமாகிறது என்று நினைத்துக்கொண்டு அவள் சொன்னபடி கேட்டாள்.

வீட்டில் இருந்தது நான்கு பேர் மேசை. கணவன் படுக்கையறைக் கதவைக் கீல் கழற்றி, இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கப் போட்டு, வெள்ளைப் போர்வை விரித்தான். கைப்பிடி இருந்த இடத்தில் போர்வை புடைத்துக்கொண்டு நின்றது. அதன்மேல் பூச்சாடியை வைத்து மறைத்தார்கள். ரொட்டியை ஆறாமலிருக்கக் கனத்த துணியால் மூடி அடுக்களையில் வைத்தார்கள்.

மதியம் படிக்கட்டு முழுக்க ஒரே சத்தம். மேனேஜர் முதலில் வந்தாள். நேரே அடுக்களைக்குள் நுழைந்து, அடுப்பு அணைந்து கிடப்பதைப் பார்த்து, சின்னவளின் காதோரம் வந்தாள். "கீழ வண்டியில ஒரு வான்கோழி இருக்கு. வெந்தது. ஏதாவதுன்னா கண்ணக் காட்டு, யாருக்கும் தெரியாம மேல கொண்டாந்துடறேன்."

சின்னவள் தலையை ஆட்டினாள். அந்த ஒரு நொடி, கண்ணைக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போது கணவன் மேசைத் தலைமாட்டில் அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் தானே உட்கார்வதைப் பார்த்தாள். ஓரத்துக்குப் போகவில்லை. சின்னவள் பலகையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

ஜெபம் முடிந்தது. துணியை விலக்கினாள். எல்லோரும் பார்த்தார்கள். ரொட்டியும் அவர்களைப் பார்த்தது.

"நல்ல பெரிய பன்னா இருக்கு" என்றார் கணக்கர் மெல்ல. "இதுக்குத் தொட்டுக்க என்ன?"

குழந்தைகள் கிளுக்கென்று சிரித்தன. மேனேஜர் சிரிக்கவில்லை. அவள் கை பைக்குள் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. சின்னவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

மாஸ்டர் எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரொட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். கையை விரித்து நீளத்தைச் சாண் போட்டார். விரலால் மேலே தட்டி, குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "உள்ள ஆள் இருக்கு" என்றார். கத்தியை எடுத்துக் குறுக்கே வைத்தார்.

மேலோடு பலகை போல் இருந்தது. மாஸ்டர் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தார். மேலோட்டைத் தாண்டியதும் கத்தி அவர் கையை மீறி, எதிர்ப்பே இல்லாமல், அடிவரை இறங்கிவிட்டது. அவரே ஒரு கணம் திகைத்துப்போனார். வெட்டுவாயிலிருந்து ஆவி எழுந்தது. முதல் துண்டு பலகையில் சாய்ந்தது.

வெளியே வளையமாக ரொட்டி, நடுவில் கருஞ்சிவப்பாகக் கறி. கறி நூல் நூலாக வெந்து, தனியாக எடுத்தால் உதிர்ந்திருக்கும். ரொட்டி அதை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. காணாமல் போன சாறு முழுவதையும் அந்த ரொட்டிதான் குடித்திருந்தது. உட்புறம் நெய்யில் ஊறியது போல் மினுமினுத்தது. கறி சுருங்கச் சுருங்க ரொட்டி ஊறி ஊறிப் பாதியான இடத்தை நிரப்பிவிட்டிருக்கிறது. சின்னவள் மூச்சு விட்டாள்.

மாஸ்டர் வெட்டிக்கொண்டே போனார். அவருடைய வாழ்நாளில் இப்படியொரு துணி கிடைத்திருக்காது. ஒரே அகலம், ஒரே கனம், எங்கே வெட்டினாலும் ஆளுக்கொரு முழுப் பங்கு. யாருக்கு நெஞ்சு, யாருக்குக் கால் என்று வருஷா வருஷம் குழந்தைகள் போடும் சண்டைக்கே வேலை இல்லை. பதிமூன்று தட்டு நிறைந்த பிறகும் இரு முனைகளும் மிச்சமிருந்தன.

அப்புறம் கூடத்தில் சாப்பிடுகிற சத்தம் மட்டும்தான். கணக்கர் கத்தி, முள்கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட ஆரம்பித்தார். தட்டைத் துடைக்க ரொட்டி வேண்டும் என்று தேடி, துடைக்க வேண்டிய ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம் என்று கண்டுபிடித்துத் தானே சிரித்தார். மீனென்றால் தடித்துப்போகும் மூத்த அண்ணன் முனைத் துண்டுக்குக் கையை நீட்டினார், அதே துண்டுக்கு அவருடைய மகளும் கையை நீட்டியிருந்தாள். மாஸ்டர் இரண்டு கையையும் தட்டிவிட்டு அந்த முனையைத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். "வெட்டறவன் கூலி" என்றார்.

மேனேஜர் கடைசி வாயை மென்று முடித்துவிட்டு, பையை மூடி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். "இது என்ன கறி?" என்று கேட்டாள்.

"கழுத்துக்கா."

"கழுத்தா? நாய்க்குப் போடுவாங்களே, அதுவா?"

"அதேதான்."

"இப்படி ரொட்டிக்குள்ள வெக்கணும்னு எங்க கத்துக்கிட்ட?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் சின்னவளுக்கு இப்போது எதற்கும் பயமில்லை, பொய்க்கு அவசியமும் இல்லை. "கத்துக்கலக்கா. கை தவறிப்போச்சு. தூக்கக் கலக்கத்துல ஈஸ்ட்டப் போட்டுட்டேன். காலையில தெருவுல நின்னு அழுதேன், வேணும்னா இவரக் கேளுங்க" என்றாள். மேசையே சிரித்தது. அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கறிக்கடைக்காரர் சொன்னதையும், அணைந்த அடுப்பையும், ரொட்டி அடுப்புக்குள் சிக்கிக்கொண்டதையும் கணவன் எடுத்துச் சொன்னான். எழுந்து நின்று, கையால் காட்டி, எப்படிச் சாய்த்து எப்படி இறக்கினான் என்று நடித்தே காட்டினான். மாஸ்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றாள் மேனேஜர். பழக்க தோஷம், குரல் தானாக மாறியது. "அடுத்த வருஷம் என் முறை. இதையே பண்ணிடுவோம். சின்னவளே, நீ முந்தின நாளே வந்து எனக்கு மாவு பிசைஞ்சு குடுத்துடு."

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

"இல்ல அண்ணி" என்றான் கணவன். கோபமில்லை, தயக்கமும் இல்லை. "அடுத்த வருஷமும் இங்கதான். மூணு வருஷத்துக்கு முன்ன எங்க முறை ஒண்ணு விட்டுப்போச்சு. அதை நாங்க இன்னும் செய்யல."

அந்த முறையை எடுத்துக்கொண்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜரின் முகம் சிவந்தது. மாஸ்டர் மூத்த மருமகளையும் பார்க்கவில்லை, கடைசி மகனையும் பார்க்கவில்லை. "அவன் சொல்றது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த முனையைக் கடித்தார்.

மேனேஜர் சற்று நேரம் தண்ணீர் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் கேட்காத ஒன்றைச் சின்னவளிடம் கேட்டாள்.

"அப்ப நான் என்ன கொண்டு வரட்டும்?"

"நல்ல பசியோட வாங்கக்கா, அது போதும்" என்றாள் சின்னவள்.